காதுக்குள் மட்டும் பேசிய அண்ணி

காதில் ஒயரை மாட்டினால் அண்ணி பேசினாள். ஒயரைப் பிடுங்கினால் சேவல் மட்டும் கூவியது.

ஹேமநாதன் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தான். ஒயரைச் செருகுவான், "பம்பு கழுவுற எடம் மேல இருக்கு தம்பி" என்று முத்தாயி அண்ணியின் குரல் வரும். பிடுங்குவான், அதே நொடியில், அதே படத்தில், அண்ணியின் கைகள் மட்டும் மருந்துப் பம்பின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும். கூடவே சேவல், தொட்டியில் நீர் சொட்டும் சத்தம், தூரத்தில் யாரோ மோட்டாரைக் கிளப்பும் சத்தம். அண்ணி மட்டும் இல்லை.

"போன் கெட்டுப் போச்சாங்க?" என்றாள் ரதி. அவள் நெத்திலிச் சம்பல் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"உன் போன்லயும் போட்டுப் பாத்துட்டேன். அதுலயும் இல்ல."

"அப்ப படந்தான் கெட்டுப் போச்சு."

"படம் கெட்டுப் போயிருந்தா ஒயர்ல எப்படிக் கேக்கும்?"

ரதி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து ஒயரின் இரண்டு முனைகளையும் தன் காதுகளில் செருகிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அங்கே அரிசிச் சாக்குதான் இருந்தது.

"கேக்குது. ஆனா அக்கா எனக்குப் பின்னால நின்னு பேசுற மாதிரி இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு."

"இத அக்காகிட்ட சொல்லுங்க. ஒயர் போட்டுக் கேக்கச் சொல்லுங்க."

"சொன்னேனே. 'எங்காதுல மட்டும் கேட்டா போதுமா தம்பி, எனக்குத்தான் நான் சொன்னது தெரியுமே'ன்னு கேட்டுட்டுக் கதவச் சாத்திட்டாங்க."

ரதி அடுப்புக்குத் திரும்பினாள். சம்பலில் பாதியை எப்போதும்போல ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தாள். அது பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அன்றைக்கு அதை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஹேமநாதன் பெடாஸ், ரெம்பாவ் வட்டாரத்துக்கு ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். இருபத்திரண்டு வருடமாக மோட்டார் சைக்கிளில் போய் செய்தி சேர்த்து எழுதி அனுப்புகிறவன். ரதி தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை செய்வதால் குடும்பம் இன்னும் மூன்றாம் டிவிசன் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில்தான் இருந்தது. அண்ணன் இறந்த பிறகு, ஒரு சுவர் தள்ளி, அண்ணி முத்தாயி தனியாக இருந்தாள். செம்பனை மரங்களுக்கு இடையே புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்களில் அவள்தான் மூத்தவள்.

போன மாதம் நாளிதழ் ஒரு கடிதம் அனுப்பியது. இனிமேல் வட்டாரச் செய்தி எழுத்தாக மட்டும் வந்தால் போதாது. படம், ஒலி, எழுத்து மூன்றும் சேர்ந்து ஃபோனில் பார்க்கிற மாதிரி வரவேண்டும். அதற்குச் சிரம்பானில் ஒரு பயிற்சி. ஒவ்வொருவரும் மூன்று நிமிடத்தில் ஒரு கதை செய்து வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் அனுப்பவேண்டும். நல்லதாக வருவதை நாளிதழ் அன்று மாலையே தன் பக்கத்தில் ஏற்றும்.

முதல் வகுப்பில், பயிற்சி கொடுக்க வந்த மிஷெல் ஒரு விஷயம் சொன்னாள். அவளுக்கு வயது முப்பதுகூட இருக்காது. "படம் கொஞ்சம் ஆடுனா ஜனங்க பொறுத்துக்குவாங்க. வாய்ஸ் சரியா கேக்கலன்னா உடனே தள்ளி விட்டுருவாங்க. அதனால ஃபர்ஸ்ட் வாய்ஸ். அப்பறம் அந்த எடத்தோட சத்தத்த தனியா எடுத்து, வாய்ஸுக்கு அடியில மெதுவா பரப்புங்க. சோத்துக்கு அடியில வாழையில போடுற மாதிரி."

ஹேமநாதனுக்கு இந்த உவமை மிகவும் பிடித்துவிட்டது. இலையும் சோறும் தனித்தனி. சேர்த்துப் போட்டால்தான் சாப்பாடு. சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு எந்தப் பொத்தான் எதற்கு என்று வீடு வரும்வரை பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்தான்.

கதை அவனுக்குத் தேடாமலே இருந்தது. லயத்தில் வருடக்கணக்காகவே தண்ணீர் சரியில்லை, எட்டு மாதமாக ரொம்ப மோசம். குளித்தால் தோல் அரித்தது. காய்ச்சினால் பானையில் நுரை ஒட்டியது. அலுவலகத்தில் கேட்டால் மழை என்றார்கள். மழை இல்லாத மாதத்தில் கேட்டபோது வெயில் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி தானாகவே, "நான் சொல்றேன் தம்பி, ஆனா மூஞ்சியக் காட்டாத" என்றாள். முகம் வேண்டாம், கை போதும் என்று இவனும் ஒத்துக்கொண்டான். கைகளையும் ஓடையையும் பிறகு தனியாகப் படம் பிடித்துக்கொள்ளலாம், முதலில் குரல். அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. சட்டையில் குத்துகிற சின்ன மைக்கைக் கோலா பிலா நிருபர் எட்வர்ட் எடுத்துப் போயிருந்தான். இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள்.

அதனால் ஹேமநாதன் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிச் செட்டைப் பார்த்துக்கொள்ளும் தர்மராஜிடம் ஓடினான்.

"கோயில் மைக்கு அண்ணே! வாய்க்கிட்ட வச்சா மழ என்ன, இடி விழுந்தாலும் உள்ள போவாது. தீமிதிக்கு நான் பேசுனா பெடாஸ் ரோடு வரைக்கும் கேக்கும்ல?"

"கேக்கும். நீ நிறுத்தவும் மாட்ட."

"அது பக்தி லா."

கோயில் மைக்கின் ஒயர் முனை தடியானது. கருவியின் ஓட்டை சின்னது. தர்மராஜ் பத்து நிமிடத்தில் ஈயம் உருக்கி அந்த ஒயரில் ஒரு சின்ன முனையை ஒட்டிக் கொடுத்தான். காதில் ஒயர் மாட்டிக்கொண்டு சோதித்தார்கள். குரல் வந்தது.

அண்ணி மைக்கை அகப்பை மாதிரி இரு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள். மருந்துப் பம்புகளை எங்கே கழுவுகிறார்கள், குடிநீருக்கு ஓடையில் எங்கே குழாய் போட்டிருக்கிறது, நடுவே எத்தனை அடி என்று சொன்னாள். பிறகு நிறுத்தினாள். மழை மட்டும் கேட்டது. பிறகு, அவன் கேட்காமலே சொன்னாள்:

"பதினோரு வருஷமா நானும் அங்கதான் கழுவுனேன். தெரிஞ்சேதான் கழுவுனேன். மண்டோர் சொன்னாரு, கழுவுனேன். கீழ நம்ம புள்ளைங்கதான் அதக் குடிச்சிச்சு."

சொல்லிவிட்டு மைக்கைப் பாயில் வைத்தாள். "இத நான் இன்னொரு தடவ சொல்லமாட்டேன்" என்றாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஹேமநாதன் உட்கார்ந்து வேலை செய்தான். விடிகாலையில் லயத்தின் சத்தத்தைத் தன் ஃபோனில் பதிந்தான்: சேவல், தொட்டி, மோட்டார். அண்ணியின் குரலுக்கு அடியில் அதை இலைபோலப் பரப்பினான். எல்லாவற்றையும் காதில் ஒயர் மாட்டியே செய்தான். மிஷெல் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தாள். செவ்வாய் சாயங்காலம் அண்ணியின் ஃபோனுக்கு அனுப்பினான்.

அவள் அதைத் தனியாகப் பார்க்கவில்லை. மறுநாள் விடிகாலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்குமுன், மருந்தடிக்கும் பெண்களைச் சுற்றி நிற்கவைத்துக்கொண்டு போட்டுக் காட்டினாள். சேவல் கூவியது. தண்ணீர் சொட்டியது. மூன்று நிமிடம் அவள் கைகள் அசைந்தன. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "பரவால்லயே முத்தாயி, ஒன் கொழுந்தன் வெவரமான ஆளு. எது வேணும் எது வேணான்னு தெரிஞ்சிருக்கு."

அதுதான் புதன்கிழமை அண்ணி கதவைச் சாத்தியதற்குக் காரணம். சேவலும் மோட்டாரும் தெளிவாகக் கேட்டு, பேசியவள் மட்டும் காணாமல் போனால், யாராயிருந்தாலும் வேண்டுமென்றே வெட்டியது என்றுதான் நினைப்பார்கள்.

ஹேமநாதன் எட்வர்டுக்குப் படத்தை அனுப்பிவிட்டு அழைத்தான்.

"கேக்குதா?"

"இரு லா, காடி ஓட்டிக்கிட்டிருக்கேன். காடி ஸ்பீக்கர்ல போடுறேன்." கொஞ்ச நேரம் கழித்து எட்வர்டின் குரல் மாறியது. "டேய் நாதா, என்னடா இது? ஒங்க அண்ணி என் பின்சீட்டுல உக்காந்து பேசுறாங்க."

"கேக்குதா?"

"கேக்குது. ஆனா எங்கேருந்து வருதுன்னு தெரில. நான் மண்டைய நடுவுல கொண்டாந்தா காணாமப் போறாங்க. ஓரமா சாச்சா வராங்க."

"ரோட்டப் பாத்து ஓட்டுடா."

"பேய் மாதிரி இருக்குடா. நான் ஜெபம் பண்ணிட்டு வரேன்."

ஆக, ஒயரில் இருக்கிறாள், ஃபோனில் இல்லை, எட்வர்டின் காடியில் பாதி இருக்கிறாள். ஹேமநாதன் இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தான். எழுதிய பிறகும் புரியவில்லை.

வியாழக்கிழமை சிரம்பான் வகுப்பில் எல்லாருடைய வேலையையும் போட்டுப் பார்த்தார்கள். மிஷெல் முதலில் தன் காதுக் கருவியில் கேட்டாள். தலையாட்டினாள். "ஸ்ட்ராங்கான கதை அங்கிள். அந்தக் கடைசி லைன்..." என்று நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மண்டபத்து ஒலிபெருக்கியில் போட்டாள். சேவல் கூவியது.

"எங்க வாய்ஸ்?" என்றாள்.

"அதான் நானும் கேக்குறேன்."

ஒயரை மாற்றினாள். கணினியை மாற்றினாள். சத்தத்தைக் கூட்டினாள், சேவல் அலறியது. பின்வரிசையில் யாரோ, "கோழிப் பண்ண கதையா?" என்றார்கள். மிஷெல் திரையையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் தெரில அங்கிள். ஃபைல் நல்லாத்தான் இருக்கு. சேஃப்பா இருக்கணும்னா திரும்ப ரெக்கார்ட் பண்ணிடுங்களேன்?"

"அவங்க திரும்பப் பேசமாட்டாங்க."

"அப்ப எழுத்துப் போடு," என்றான் எட்வர்ட். "அண்ணி சொன்னத கீழ எழுத்தா ஓடவிடு."

அன்று மாலை வீட்டுக்கு வந்து ஹேமநாதன் சாத்திய கதவுக்கு வெளியே நின்று இதைக் கேட்டுப் பார்த்தான். கதவு திறக்கவில்லை, ஜன்னல் திறந்தது.

"எழுத்துப் போட்டா அது நீ எழுதுனதுன்னு சொல்லுவாங்க," என்றாள் முத்தாயி. "நான் கையெழுத்துப் போட்டுச் சொன்னேனா? வாயாலதானே சொன்னேன்?"

"அண்ணி, நான் வெட்டல. சத்தியமா வெட்டல."

"நீ வெட்டுனன்னு எனக்கு நெனைக்க ஆச இல்ல தம்பி. ஆனா நேத்து பெரட்டுல நாலு பேரு என்னா சொன்னாங்க தெரியுமா? 'நல்லதாப் போச்சு முத்தாயி, வாய விட்டு மாட்டிக்காம தப்பிச்ச'ன்னாங்க. அதுதான் எனக்குத் தாங்கல. நான் தப்பிக்கவா சொன்னேன்?"

"இன்னொரு தடவ மட்டும்..."

"மாட்டேன். அத ஒரு தடவ சொல்றதுக்கே எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு."

ஜன்னல் மூடியது. உள்ளே தேத்தண்ணி ஆற்றும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை ரதி நாற்றுப் பண்ணைக்குப் போன பிறகு, ஹேமநாதன் தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து மறுபடியும் கேட்டான். இனி என்ன செய்வதென்று தெரியாததால் கேட்டான். பாதியில் வலது காதின் முனை வழுக்கி விழுந்தது.

அண்ணியின் குரல் பின்னாலிருந்து முன்னால் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல, சுத்தமாக, அழுத்தமாக.

அவன் வலது முனையை மாட்டி இடது முனையைக் கழற்றினான். அதே குரல், அதே சுத்தம். இரண்டையும் மாட்டினான். குரல் மறுபடி பின்மண்டைக்குப் போய்விட்டது.

ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக நன்றாக இருப்பது, சேர்ந்தால் ஏன் கெடுகிறது? அப்படியானால் கோளாறு இடது காதிலும் இல்லை, வலது காதிலும் இல்லை, சேருவதில் இருக்கிறது. இரண்டு நாளில் முதல்முறையாகக் கேள்வி சின்னதாகியிருந்தது.

வீட்டுக்குள் போய்க் கணினியைத் திறந்தான். ஒலி அங்கே இரண்டு கோடுகளாகத் தெரியும்: மேல் கோடு இடது காதுக்கு, கீழ்க் கோடு வலது காதுக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கம்பளிப்பூச்சி மாதிரித்தான் இருந்தன. அவன் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். ஒரு சொல் ஒரு மலைத்தொடர் மாதிரி விரிகிற அளவுக்குப் பெரிதாக்கினான். மேல் கோட்டில் மேடு இருந்த இடத்தில் கீழ்க் கோட்டில் பள்ளம் இருந்தது. மேலே பள்ளமாயிருந்தால் கீழே மேடு. எங்கே பார்த்தாலும் அப்படி. சேவல் சத்தத்தைப் பார்த்தான். அதில் இரண்டு கோட்டிலும் மேடு மேடாகவே, பள்ளம் பள்ளமாகவே இருந்தது.

சேவல் அவன் ஃபோனில் பதிந்தது. அண்ணியின் குரல் கோயில் மைக்கில் பதிந்தது.

தர்மராஜ் கோயில் கொட்டகையில் ஃபேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தர்மா, அந்த ஒயர எப்படி ஒட்டுன?"

"ஏன் அண்ணே, புட்டுக்கிச்சா?"

"இல்ல. தெறந்து காட்டு."

தர்மராஜ் சின்ன முனையின் மூடியைத் திருகிக் கழற்றினான். "இந்தா பாருங்க. மைக்கு ஒயருக்குள்ள மூணு கம்பி. இந்த வலை மாதிரி இருக்கிறது வெளிக் காவலு. உள்ள செவப்பு ஒண்ணு, வெள்ள ஒண்ணு."

"ரெண்டுலயும் என்னா வருது?"

"ரெண்டுலயும் அதே சத்தந்தான் வருது. ஆனா ஒண்ணு நேரா வரும், ஒண்ணு தலகீழா வரும்."

"ஏன் தலகீழா?"

தர்மராஜுக்கு யாரும் இதுவரை கேட்காத கேள்வி. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "திருவிழால ஒயர் நூறு அடி போவுது இல்ல? வழியில ஜெனரேட்டர், லைட்டு, எல்லாத்தோட எரச்சலும் ஒயர்ல ஏறிக்கும். ரெண்டு கம்பிலயும் ஒரே மாதிரி ஏறும். செட்டு என்னா பண்ணும், தலகீழா வந்தத நிமித்திட்டு ரெண்டையும் சேக்கும். நிமித்துனா குரலும் குரலும் ஒண்ணாயிரும், டபுள். ஆனா எரச்சல் ஒண்ணு நேரா, ஒண்ணு தலகீழாப் போயிரும். ஒண்ண ஒண்ணு தின்னுரும். குரல் மட்டும் சுத்தமா நிக்கும்."

ஹேமநாதனுக்கு ஒரு நிமிடம் தன் கவலையே மறந்துபோனது. எவ்வளவு அழகான ஏற்பாடு. யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

"சரி. இந்தச் சின்ன முனையில ரெண்டையும் எங்க ஒட்டுன?"

"அதுலயும் ரெண்டு காலு இருந்துச்சு. செவப்ப ஒண்ணுல, வெள்ளைய ஒண்ணுல. அளவாத்தானே இருந்துச்சு?"

"அந்த ரெண்டு காலு இடது காதுக்கும் வலது காதுக்கும்டா. நிமித்துறதுக்கு உள்ள ஆள் இல்ல."

தர்மராஜ் முனையைத் திருப்பிப் பார்த்தான். "அப்ப எரச்சலுக்கு வச்ச குழியில..."

"அண்ணி விழுந்துட்டாங்க."

ஃபோனில் ஸ்பீக்கர் ஒன்றுதான். மண்டபத்திலும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் அங்கே சேரும், சேர்ந்த இடத்தில் மேடு பள்ளத்தை நிரப்பிவிடும், ஒன்றும் மிஞ்சாது. காதில் மாட்டினால் இரண்டும் சேருவதே இல்லை, அதனால் கேட்கும். எட்வர்டின் காடியில் ஸ்பீக்கர்கள் பல. ஒரு இடத்தில் சேரும், ஒரு இடத்தில் சேராது.

அவன் வீட்டுக்கு ஓடியபோது மணி பன்னிரண்டரை. வேலையை முடித்து அண்ணியின் ஃபோனுக்கு அனுப்பியபோது ஒன்றே முக்கால். மருந்தடிக்கும் பெண்கள் காலணிகளில் மண்ணோடு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரதியும் வந்துவிட்டாள்; விஷயத்தைக் கேட்டதும் தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் பக்கத்து வீட்டுக்குப் போய், முத்தாயியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"எனக்குக் கேக்க வேணா ரதி."

"கேக்க வேணா. சும்மா நில்லுங்க. ஒங்க போனக் கொடுங்க."

ஒயர் எதுவும் மாட்டவில்லை. ரதி ஃபோனை ஜன்னல் கட்டையில் வைத்து அழுத்தினாள். சேவல் கூவியது. மூன்று பெண்கள் போகிற வழியில் நின்றார்கள். தண்ணீர் சொட்டியது. அதன்மேல், மழைக்கு நடுவே உட்கார்ந்து பேசுகிற முத்தாயியின் குரல் வந்தது.

பம்பு கழுவும் இடம், குழாய் போட்ட இடம், நடுவில் நாற்பது அடி. பிறகு அந்த இடைவெளி. பிறகு, "பதினோரு வருஷமா நானும் அங்கதான் கழுவுனேன்."

நின்றிருந்த பெண்களில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் கழுவியவள்தான்.

படம் முடிந்தது. முத்தாயி ஃபோனை எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

"இப்ப எல்லாருக்கும் கேக்கும்?"

"கேக்கும் அண்ணி. எந்த போன்லயும் கேக்கும். ஒயரே வேணா." அவன் தயங்கினான். "அனுப்புறதுக்கு மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு. வேணாம்னா இப்பச் சொல்லுங்க. அனுப்பல."

முத்தாயி லயத்தின் கோடிவரை பார்த்தாள். மண்டோரின் மோட்டார் சைக்கிள் அலுவலகத்துப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"அனுப்பு," என்றாள்.

அவன் அனுப்பினான். போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் திரையில் வரும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்தது.

"ரெண்டு நாளா எங்க தம்பி போயிருந்திச்சு என் குரலு?"

"எங்கயும் போகல. ஒரு கிரேத்தா சோரோங்க, அந்த ஒத்தச் சக்கரத் தள்ளுவண்டிய, நீங்க இந்தப் பக்கமிருந்து தள்ளுங்க, ரதி அந்தப் பக்கமிருந்து தள்ளட்டும். வண்டி நவுருமா?"

"நவுராது. ரதி தள்ளுனா நாந்தான் விழுவேன்."

"ரெண்டு பேரும் ஒரே பலத்துல தள்ளுனா?"

"அப்படியே நிக்கும்."

"அதான் ஆச்சு. ஒங்க குரல் இடது காதுலயும் வலது காதுலயும் எதிர் எதிரா தள்ளிக்கிட்டு நின்னுச்சு."

முத்தாயி யோசித்தாள். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. "அப்ப நீ என்னாதான் பண்ண?"

"வலது காதுக்குப் போன குரல அழிச்சிட்டேன் அண்ணி. இடது காதுல இருந்தத எடுத்து ரெண்டு காதுக்கும் வச்சேன். அவ்வளவுதான்."